றேடியோவின் முதுகு

1

இப்ப உள்ள சனம் பாட்டுக் கேட்கிறதில்லை. பாட்டை எடுத்து மற்றவன் தலையில் கொட்டுகிறது. போன கிழமை நாவுல ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஒருத்தன் டிரான்ஸிஸ்டர் பெட்டியைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பஸ் முழுக்கச் சத்தம். பாட்டு பாதியில் இருக்கும்போதே பக்கத்தில் இருந்தவனோடு மிளகாய்ச் செடிக்கு வந்த நோயைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். பெட்டியை மூடவுமில்லை. அவனும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை, பாட்டு அநாதையாகக் கத்திக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் கொறைங்க தம்பி" என்றேன்.

"ஒங்களுக்குக் கேக்கட்டும்னுதான் நானா, கூட்டி வச்சேன்" என்றான். (எங்கள் பக்கத்தில் 'நானா' என்றால் அண்ணன்.)

இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னுக்கு உதவும். உதவாமலும் போகலாம்.

அந்தக் கோபத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் கதைக்கு ஒரு கம்பீரம் வரும். ஆனால் அது பொய். எட்டு வருஷத்துக்குப் பிறகு சாவகச்சேரியிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. இராசலிங்கம் எழுதியிருந்தான். ஒரு காலத்தில் மாத்தளைத் தபால் கந்தோரில் டெலிபோன் கம்பி வேலை பார்த்தவன். சுகம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில் கேட்டிருந்தான்: "நானா, பெட்டி இப்ப எப்பிடிப் பாடுது?"

பதிலுக்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். வரவில்லை. பிறகு கடைக்குப் போய் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி வந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஒரு வரியில் சொல்ல முடியாதவனுக்கு எண்பது பக்கம் வேண்டியிருக்கிறது.

2

தொடக்கங்கள். எறிய மனமில்லை. காகிதம் எறிகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

(முதல் தொடக்கம்) 1966ஆம் ஆண்டு மாத்தளை நகரில் வசிக்கும் மெத்தை வியாபாரியான ஸக்கரியா என்பவர்—

இது பொலிஸில் கொடுக்கிற முறைப்பாடு மாதிரி இருக்கிறது. அடுத்த வரியில் கையொப்பம் கேட்பார்கள்.

(இரண்டாம் தொடக்கம்) மழை பெய்துகொண்டிருந்தது. ஸக்கரியா ஜன்னலோரம் நின்று—

அன்றைக்கு மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கதை எழுதுகிறவர்களுக்கு எதற்கெடுத்தாலும் மழை வேண்டும். பஞ்சு வியாபாரிக்கு மழையில் என்ன ரசனை? சாக்கு நனைந்தால் பஞ்சு கட்டி பிடிக்கும்.

(மூன்றாம் தொடக்கம்) என்னை ஏமாற்ற வந்த இராசலிங்கம்—

இதில் நாலு பக்கம் போனேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஸக்கரியா நான்தான். "நான்" என்று எழுதினால் கை தானாக நியாயம் பேசத் தொடங்குகிறது. "அவன்" என்று எழுதினால் கொஞ்சம் கூச்சம் வருகிறது, பொய் குறைகிறது. "அவர்" என்று எழுதியிருக்கலாம். என் வீட்டில் சிரிப்பார்கள்.

3

ஸக்கரியாவின் வீட்டில் ஆட்கள் வந்து உட்காருகிற முன் ஹோலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். சுவரில் ஒரு வாசல், வாசலுக்குத் திரை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். கதவு இல்லாத ஜன்னல். வீடு கட்டியவன் காற்றுக்காக வைத்தது. அந்த ஜன்னல் திட்டில் வால்வு றேடியோ இருந்தது. முகம் ஹோல் பக்கம், முதுகு உள்வீட்டுப் பக்கம்.

ஹோலில் ஒரு சாய்வு நாற்காலி. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து ஒரு மணித்தியாலம், கடை மூடிவிட்டு வந்து பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், ஸக்கரியா அதில் சாய்ந்திருப்பான். வாய் திறக்க மாட்டான். யார் வந்தாலும் கையால் 'இரு' என்பான். புல்லாங்குழல், வயலின், எந்த நாட்டுத் தந்தி வாத்தியமென்றாலும் சரி. பெயரெல்லாம் அவனுக்குத் தெரியாது. நல்ல பஞ்சைக் கையில் எடுத்தால் தெரிவது மாதிரி, நல்ல இசை காதில் விழுந்தால் தெரியும். அவ்வளவுதான் அவனுடைய படிப்பு.

அந்த வருஷம் றேடியோ கெட்டுப்போனது. நின்று போகவில்லை, மங்கிப் போனது. புல்லாங்குழல் போர்வைக்குள் இருந்து ஊதுகிற மாதிரி கேட்டது. ஸக்கரியா தட்டிப் பார்த்தான். மொட்டை மாடி ஏரியல் கம்பியை மாற்றிக் கட்டினான்—

(எங்கள் வீட்டில் மொட்டை மாடி இல்லை. ஓட்டுக் கூரை. கதை எழுதும்போது கை தானாக மாடி கட்டுகிறது. பாக்கு மரத்தில் கட்டியிருந்த கம்பி என்று திருத்தி வாசியுங்கள்.)

கடைக்குத் தலையணை வாங்க வந்த இராசலிங்கத்திடம் இதைச் சொன்னான். இராசலிங்கத்துக்கு அப்போது முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பையில் எப்போதும் ஒரு திருப்புளி. அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தான். றேடியோவைப் போட்டான். கண்ணை மூடிக் கேட்டான். பிறகு றேடியோவைப் பார்க்காமல் ஸக்கரியாவைப் பார்த்தான்.

"எங்கை நானா, உங்கட கதிரையில இருந்து ஒருக்காக் கேளுங்கோ."

ஸக்கரியா உட்கார்ந்தான். கேட்டான்.

"இப்ப குழல் வருகுதோ?"

"எங்கத்த வருது? பூனை அழுற மாதிரி ஈக்கி."

இராசலிங்கம் குமிழைத் திருகி றேடியோவை நிறுத்தினான். பிறகு சொன்னான்: "செற் பழசாப் போச்சு நானா. ஸ்பீக்கர் செத்துப்போச்சு. பெரிசா ஒண்டு தேடுவம்."

அப்போதே ஸக்கரியா நினைத்தான்: ஆ, தொடங்கிட்டான்.

4

இராசலிங்கம் என்கிற பாத்திரத்தை நான் நம்பவில்லை என்பதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பழுது பார்க்கிறவன் கள்ளன் என்பது என் கொள்கை. மணிக்கூடு கொடுத்தால் உள்ளுக்குள் உள்ள நல்ல சில்லு போகும். சைக்கிள் கொடுத்தால் நல்ல செயின் போகும். அதனால் மூன்றாம் தொடக்கத்தில் இராசலிங்கத்தைக் கள்ளனாக்கினேன். நல்ல வால்வைக் கழற்றிப் பையில் போட்டான் என்று எழுதினேன். கதையும் சூடு பிடித்தது.

ஆனால் அடுத்த பக்கத்தில் அவன் எல்கடுவையிலிருந்து வர வேண்டியிருந்தது. அங்கே மலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டெலிபோன் கம்பி அறுந்து திருத்தப் போன இடத்தில், சீமைக்குப் போன துரை விட்டுப்போன றேடியோகிராம் ஒன்று பங்களாவின் பின் அறையில் கிடந்தது. எலி கூடு கட்டியிருந்தது. பெட்டி உளுத்துப்போய்விட்டது, ஸ்பீக்கர் மட்டும் தப்பியிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. தோட்டத்துக் கிளார்க்கரிடம் கேட்டு வாங்கி, உடுத்த வைத்திருந்த தன் மாற்றுச் சாரத்தில் சுற்றி, மலை இறங்குகிற பஸ்ஸில் முழங்காலில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். வளைவுக்கு வளைவு அவன் சாய்ந்தான், ஸ்பீக்கர் சாயவில்லை. இறங்கும்போது கை இரண்டும் விறைத்திருந்தன. ஹோலில் வந்து அதை வைத்துவிட்டு விரலை மடக்க முடியாமல் நின்றான்.

இப்படி ஒருத்தனை வைத்துக்கொண்டு வால்வு திருட வைக்க முடியுமா? முயன்று பார்த்தேன். பேனை போகவில்லை. நாலு பக்கத்தையும் வெட்டினேன்.*

* கதையில் ஒரு கள்ளனாவது இல்லாவிட்டால் யார் வாசிப்பார்கள் என்று எதிர்வீட்டு புஹாரி கேட்டான். இருக்கிறான். பொறு.

5

ஸ்பீக்கரின் தாளில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. ஐந்து சத நாணயம் அளவு. இராசலிங்கம் வெசாக் பண்டிகைக்குக் கட்டுகிற விளக்குக் கூட்டுக்கு ஒட்டுகிற சிவப்புத் தாளில் ஒரு துண்டு வெட்டி, பசை தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான்.

"சீமைச் சாமானுக்கு வெசாக் தாளா?" என்றான் ஸக்கரியா.

"கோழிச் செட்டை மாதிரி லேசா இருக்கோணும் நானா. பாரமா ஒட்டினா வாய் கட்டின மாதிரி."

"எங்கட ஆக்கள்ட பாட்டும் இதுல படிக்குமா, இல்லாட்டி பிக்குமார்ட பிரித் மட்டும் ஓதுமா?"

இராசலிங்கம் சிரித்ததில் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது.

பெட்டிக்குப் பலகை தடிப்பாக இருக்க வேண்டும் என்றான். ஸக்கரியாவின் பழைய பலாக் கட்டிலின் தலைமாடு அறுபட்டது. பெட்டி இரண்டடி உயரத்தில் வந்தது. முன்னுக்கு வட்டமாக வெட்டி ஸ்பீக்கரைப் பூட்டினான். பின்னுக்கு ஒரு பலகை.

"பின்னால மூடினாத்தான் அடிச்சத்தம் வரும். உள்ளுக்கை ஒரு பிடி பஞ்சு, சுவரில பூசின மாதிரி வையுங்கோ. ஒரு பிடி காணும், அதுக்கு மேல வேண்டாம்." சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போய்விட்டான்.

ஒரு பிடி!

முப்பது வருஷம் இலவம் பஞ்சில் வாழ்ந்தவனிடம் வந்து ஒரு பிடி என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? கஞ்சப் பஞ்சு வைத்த தலையணையை ஸக்கரியா வாழ்நாளில் விற்றதில்லை. மாத்தளையில் எவன் வீட்டிலும் போய்க் கேளுங்கள், ஸக்கரியா கடை மெத்தை பள்ளம் விழாது. மூன்று சாக்கு கொண்டுவந்தான். நல்ல பஞ்சு, கொட்டை எடுத்தது, கலேவெலப் பக்கத்துக் காய். தடியால் அடித்து உள்ளே இறக்கினான். மூலைக்கு மூலை குத்தினான். பிறகு பின்பலகைக்கு மேலே மெத்தைத் துணி விரித்து, அதற்குள்ளும் பஞ்சு வைத்து, சுற்றிவர நெருக்கி நெருக்கி ஆணி அடித்தான். பார்க்க அழகாக இருந்தது. படுத்துத் தூங்கலாம்.

பின்னேரம் இராசலிங்கம் வந்ததும் றேடியோவை ஜன்னலிலிருந்து இறக்கி ஹோலில் மேசைமேல் வைத்தார்கள். அதன் பழைய ஸ்பீக்கரின் கம்பியைக் கழற்றிப் பெட்டிக்கு இழுத்தான். ஜன்னல் திட்டில் பெட்டி ஏறியது. ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, விரல் நுழைய இடமில்லாமல் பொருந்தியது.

இராசலிங்கம் கடைசியாக ஒரு காரியம் செய்தான். சாய்வு நாற்காலியைத் தூக்கி இடம் மாற்றி, கொஞ்சம் திருப்பி வைத்தான்.

"இதென்னத்துக்கு?"

"சுவர்ல பட்டுச் சத்தம் திரும்புது நானா. இப்பிடி இருந்தாத்தான் சரி."

6

இந்தப் பகுதியை நன்றாக எழுத வேண்டும் என்று ஆசை. நாலு தரம் எழுதிவிட்டேன்.

இசை வெள்ளமாகப் பாய்ந்து— (வெள்ளம் வந்தால் பஞ்சு போகும். வெட்டு.)

தேன் வந்து காதில்— (எறும்பு வரும். வெட்டு.)

நடந்ததைச் சொல்கிறேன். அன்று அஸருக்குப் பிறகு இராசலிங்கம் குமிழைத் திருகினான். யாரோ ஒருத்தர் வயலின் வாசித்தார். வில் கம்பியில் உரசுகிற சுரசுரப்பு முதலில் கேட்டது, பிறகுதான் நாதம். மிருதங்கத்தின் இடது பக்கம் அடித்தபோது ஸக்கரியாவின் நெஞ்சாங்கூட்டில் யாரோ உள்ளிருந்து தட்டினார்கள். வாசிக்கிறவர் மூச்சு வாங்கினார். ஆமாம், மூச்சு. கொழும்பில் ஒரு மனுஷன் வாங்குகிற மூச்சு மாத்தளையில் ஒரு ஹோலில் கேட்டது. ஸக்கரியா அவர் நெற்றி வியர்வையைத் துடைக்கத் துண்டு தேடியிருப்பான்.

முடிந்ததும் இராசலிங்கம் பார்த்தான். ஸக்கரியா என்ன சொல்லியிருக்க வேண்டும்? எல்லாரும் சொல்கிற ஒரு சொல் இருக்கிறது. நாக்கின் நுனி வரை வந்தது.

"பலகைல ஒரு கீறல் ஈக்கி" என்றான்.

"அது உங்கட கட்டில்ல இருந்த கீறல் நானா" என்றான் இராசலிங்கம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

(அந்தச் சொல்லைத்தான் எட்டு வருஷம் கழித்து எண்பது பக்கத்தில் தேடுகிறேன்.)

7

கதை இங்கே முடிந்திருந்தால் தபாலட்டைக்குப் போதும். ஆனால் ஒருத்தியை நான் இன்னும் உள்ளே கொண்டுவரவில்லை. கொண்டுவர வேண்டியதில்லை, அவள் உள்ளேதான் இருந்தாள். இதிலிருந்தே என் லட்சணம் தெரிந்திருக்கும்.

என் பெண்டாட்டி— ஸக்கரியாவின் பெண்டாட்டி கைறுன்னிஸா. கடைக்குப் போகிற தலையணை உறை அத்தனையும் அவள் தைத்தது. அவளுடைய தையல் மெஷின் உள்வீட்டில் அந்த ஜன்னலுக்கு நேரே கீழே இருந்தது. ஏன் அங்கே இருக்கிறது என்று ஸக்கரியா இருபது வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. வெளிச்சம் வருகிற இடம் வேறு பக்கம்.

புதுப் பெட்டி வந்து ஒரு மாதம் ஆனது. உறைகள் குறைந்தன. வந்த உறைகளில் தையல் கோணியது. கலேவெலச் சந்தை வியாபாரி ஒருவன் உறையைத் தூக்கிக் காட்டி, "ஸக்கரியா நானா, இது தையலா, தம்புள்ள ரோட்டா?" என்று கேட்டான். கூப்பிட்டால் இரண்டாம் தரத்துக்குத்தான் அவள் திரும்பினாள். முன்பெல்லாம் அவள் மெஷின் மிதிக்கிற சத்தம் ஒரு தாளத்தில் போகும். இப்போது நின்று நின்று போனது.

ஒரு பின்னேரம் வெற்றிலைக்காக ஸக்கரியா பாட்டின் நடுவிலேயே உள்ளே போனான். அப்படி அவன் எழும்புவதே இல்லை. கைறுன்னிஸா ஸ்டூலில் ஏறி நின்றாள். ஜன்னலை அடைத்திருந்த மெத்தைத் துணியில் ஒரு காதை அழுத்தி வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. பிறகு தலையைத் திருப்பி மற்றக் காதை வைத்தாள்.

ஸக்கரியா வெற்றிலையை மறந்தான். யா அல்லாஹ், இவளுக்குக் காது போகுது.

மெத்தைத் துணியை அடித்தவன் அவன். மூன்று சாக்குப் பஞ்சு திணித்தவன் அவன். ஆனால் அவனுக்கு அது உறைக்கவில்லை. தான் செய்த காரியத்தில் பிழை இருக்கும் என்று சந்தேகிக்க அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகித்தான்.

8

கலேவெலைக்குக் கட்டிக்கொடுத்த மகள் றம்லாவுக்குக்கூடச் சொல்லாமல், முதல் பஸ்ஸில் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவள் சொன்னதை அவன் செவிட்டுத்தனத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டான்.

டாக்டர் நரைத்த சிங்கள மனுஷர். கைறுன்னிஸாவைக் கண்ணை மூடச் சொல்லி, சட்டைப்பை மணிக்கூட்டைக் காதோரம் பிடித்தார். கேட்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். கேட்கிறது என்றாள். தள்ளிப் போனார். கேட்கிறது. கதவு வரைக்கும் போனார். கேட்கிறது. வெளியே மருந்துக்காரப் பெண் கரண்டி கீழே போட்டதையும் சேர்த்துச் சொன்னாள்.

டாக்டர் சிரித்தார். பிறகு ஸக்கரியாவைப் பார்த்தார். "நீங்களும் உட்காருங்கள்" என்றார்.

ஸக்கரியா வலது காதில் கேட்டான், கிட்டத்தில். இடது காதில் அந்த மணிக்கூடு—

அந்த மணிக்கூடு அந்த நேரம் நின்றுபோயிருந்தது என்பது என் கருத்து. பழைய மணிக்கூடுகள் நின்று நின்று ஓடும். மெல்லிய சத்தம்தான் முதலில் போகும், புல்லாங்குழல், குருவி, அந்த மாதிரி, என்று டாக்டர் என்னென்னவோ சொன்னார். சொல்லுவார். அவர் தொழில் அது.

திரும்பி பஸ்ஸில் ஏறினார்கள். வத்தேகெடரச் சந்தி தாண்டியதும் ஸக்கரியா வெடித்தான்.

"காது நல்லமெண்டா என்னத்துக்குப் பெட்டில காத வச்சிட்டு நிக்கிற?"

"பாட்டுக் கேக்க."

"எந்தப் பாட்டு?"

"நீங்க போடுற பாட்டுத்தான். வேற எந்தப் பாட்டு?"

"நீ பாட்டுக் கேக்குறியா?"

கைறுன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இருவது வருஷமாக் கேக்கேன். முன்னுக்கு நீங்க, பின்னுக்கு நான். பின்பக்க மட்டையில ஓட்டை ஓட்டையா ஈக்குமே, அதுக்குள்ளால அஞ்சு சின்ன வெளக்கு எரியும். அதப் பாத்துட்டுத்தான் மெசின மிதிப்பேன். அந்த றேடியோட மொகம் எனக்குத் தெரியா, றம்லாட வாப்பா. முதுகுதான் தெரியும்."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"நீங்க பாட்டுக் கேக்கக்கொள்ள யாரும் பேசப்படாதே." மடியிலிருந்த பையைச் சரியாக வைத்தாள். "நல்லா மெத்த தச்சிட்டீங்க அதுட முதுகுல. நல்லாத் தூங்குது."

பின் சீட்டில் ஒரு மனுஷி சிரித்தாள். யாரென்று ஸக்கரியா திரும்பிப் பார்க்கவில்லை.

9

சொல்லியனுப்ப வந்த இராசலிங்கம் பெட்டியின் முதுகில் ஆணிகளைப் பிடுங்கினான். துணியைக் கிழித்தான். பஞ்சு வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஹோல் வெள்ளையானது.

"நானா, நான் ஒரு பிடி எண்டெல்லோ சொன்னனான்!"

"ஒண்ட பிடி எந்த அளவுன்னு எனக்கென்ன தெரியும்?"

திரைக்கு உள்ளேயிருந்து கைறுன்னிஸாவின் குரல் வந்தது: "தம்பி, அந்தப் பஞ்ச எறிஞ்சிராதீங்க. ரெண்டு தலாணி வரும்." மூன்று வந்தது.

இராசலிங்கம் வேலையை மாற்றினான். பெட்டி ஜன்னலுக்கு நேர் கீழே மேசைக்கு வந்தது. பழைய றேடியோ மறுபடி ஜன்னலில் ஏறியது, முதுகு உள்வீட்டுக்கு. அதனுள்ளிருந்த பழைய ஸ்பீக்கரின் கம்பிகளைத் திரும்பப் பூட்டினான். போட்டான். பெட்டியும் பாடியது. ஜன்னலிலிருந்து பழையதும் பாடியது. சின்னக் குரல், ஆனால் சுத்தமான குரல். உள்ளே மெஷின் இரண்டு மிதி மிதித்து நின்றது. பிறகு தாளத்தில் போகத் தொடங்கியது.

ஸக்கரியாவின் முகம் மாறியது.

"தம்பி. பழைய ஸ்பீக்கர் செத்துப்போச்சுண்டு சொன்னியே."

இராசலிங்கம் வாயில் நாலு ஆணி வைத்திருந்தான். அதை எடுக்க அவசரப்படவில்லை.

"செத்தது எப்பிடிப் பாடுது?"

ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். நாற்காலியைப் பார்த்தான். திருப்பி வைத்த நாற்காலி. அதில் உட்கார்ந்தால் ஸக்கரியாவின் வலது காது பெட்டிக்கு நேரே வரும். அதை ஸக்கரியா அப்போதுதான் கண்டான்.

"செற்றைக் குறை சொன்னா செற்றுக்கு நோகாது, நானா" என்றான் இராசலிங்கம்.

புஹாரி, நீ கேட்ட கள்ளன் இவன்தான். இந்தக் கதை முழுக்கத் தேடி அவனிடம் நான் பிடித்த ஒரே பொய் இது. ஒரு கிழவனின் காதைக் காப்பாற்ற ஒரு றேடியோவைப் பழி சொன்னான். பழி சொன்னதோடு நிற்காமல் மலைக்கு ஏறி, எலிக்கூட்டைக் கிளறி, ஸ்பீக்கரை மடியில் தாங்கி வந்தான்.

(கிழவன் என்று எழுதிவிட்டேன். அப்போது எனக்கு ஐம்பத்தேழுதான். காது விஷயத்தையும் நான் ஒத்துக்கொண்டதாக யாரும் எடுக்க வேண்டாம். இராசலிங்கம் அப்படி நினைத்தான் என்றுதான் எழுதியிருக்கிறேன்.)

இராசலிங்கம் கடைசியாகக் கேட்டான்: "இருக்கிற சத்தம் ஒண்டுதான் நானா. ரெண்டு பக்கமும் பிரிச்சுக் குடுத்தா முன்னுக்குக் கொஞ்சம் குறையும். அந்த மூச்சு வாங்கிறது எல்லாம் முந்தின மாதிரிக் கேக்காது. சம்மதமோ?"

10

ஸக்கரியா என்ன சொன்னான்?

ஒரு முடிவு: "அவள்ட பங்கு அவளுக்கு" என்று உடனே சொன்னான். கண்ணில் நீர். நல்ல முடிவு. வாசிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவனைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். நானே நம்பவில்லை.

இன்னொரு முடிவு: "வீட்ல ஆக்கள் இல்லாத நேரம் அவ ஹோலுக்கு வந்து கேக்கட்டும்" என்று சொல்லிக் கம்பியைக் கழற்ற வைத்தான். இது நடந்திருக்கக்கூடிய முடிவு. எழுதிப் பார்த்தேன், கைறுன்னிஸா என்கிற பாத்திரம் மெஷினை விட்டு எழும்ப மறுத்துவிட்டாள்.

மூன்றாவது: ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்வீட்டுக்குப் போய்விட்டான். அந்த நாற்காலி திரையில் மாட்டிக்கொள்ளும். அளந்து பார்த்தேன்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு விவரம் மட்டும் தருகிறேன். இதை எழுதுகிற இந்த நிமிஷம் ஹோல் பெட்டியில் யாரோ வீணை வாசிக்கிறார்கள், வாசிக்கிறவர் மூச்சு எனக்குக் கேட்கவில்லை, உள்ளே மெஷின் தாளம் தப்பாமல் போகிறது.

தபாலட்டையை எடுத்து எழுதினேன்: "தம்பி, பெட்டி ரெண்டு பக்கமும் பாடுது. நீ செய்த நல்லதுக்கு அல்லாஹ் உனக்கு நல்லது செய்யட்டும். பலகையில் கீறல் எங்கள் கட்டிலில் இருந்ததுதான்." எட்டு வருஷம் பிந்திவிட்டது. அட்டையில் இடமும் முடிந்துவிட்டது.

பிறகு கொப்பியை எடுத்துப்போய்க் கைறுன்னிஸாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். பஸ்ஸில் மனுஷி சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்தாள்.

"நல்லாத்தான் ஈக்கி. ஒரு எடத்துல பொய்."

"எந்த எடம்?"

"டாக்டர்ட மணிக்கூடு. அது ஓடிக்கிட்டுத்தான் இருந்திச்சு. நான் கேட்டேன்."

"நிண்டு போயிருந்திச்சு."

"காதுதான் நிண்டுபோச்சு. வெட்டிட்டுத் திருத்தி எழுதுங்க."

ஸக்கரியா கொப்பியை மெஷின் மேல் வைத்தான். வேண்டுமானால் அவளே திருத்திக்கொள்ளட்டும், அவள் ஐந்தாம் வகுப்பு. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரையை விலக்கி, ஹோலைத் தாண்டி, தபாலட்டையோடு தெருவில் இறங்கி நடந்தான். பழைய மணிக்கூடுகள் நின்று நின்றுதான் ஓடும். இது ஊருக்கே தெரிந்த விஷயம்.

முத்திரை ஒட்ட மறந்துவிட்டதாக அவள் பின்னாலிருந்து மூன்று தரம் கூப்பிட்டாளாம். எதிர்வீட்டு புஹாரி சொல்கிறான். அவன் சொல்கிறதை எல்லாம் நம்ப முடியுமா?